பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் சாலையில் கால அட்டவணை எதற்கு?

பாறசாலை சந்திப்பில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதுதான் அதிகம். “மக்களே, வண்டி போச்சா?” என்று ஒரு பெரியம்மா கேட்பார். “இப்பதான் ரெண்டு சேர்ந்து போச்சும்மா, இனி கொஞ்சம் நிக்கணும்” என்று கல்லூரிப் பையன் சொல்வான். சாதாரணப் பேச்சு. ஆனால் போக்குவரத்து அறிவியலில் அறுபது வருடங்களாக ஆராய்ந்துவரும் ஒரு சிக்கல் அந்தப் பையனின் பதிலுக்குள் முழுசாக இருக்கிறது.

அதே ஊரின் ரயில் நிலையத்தில் இப்படி யாரும் கேட்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-ல் ரயில் பாதை திறந்தார்கள். அந்தப் பாதையில் கேரளத்தின் தெற்குக் கடைசி நிலையம் பாறசாலை. அங்கே நிற்கும் பாசஞ்சர் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வழக்கமாகப் போகிறவர்களுக்கு அவற்றின் நேரம் நிமிடக் கணக்கில் மனப்பாடம். வண்டி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் நடைமேடைக்கே வருவார்கள். ஒரே மனிதர் ரயிலுக்கு ஒரு விதமாகவும் பஸ்ஸுக்கு வேறு விதமாகவும் நடந்துகொள்கிறார். இரண்டுமே புத்திசாலித்தனமான நடத்தைதான். அப்படியானால், அடிக்கடி ஓடுகிற சேவைக்கு நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டு மக்கள் கையில் கொடுக்கத்தான் வேண்டுமா?

டிராம் ஓடும் நகரங்களில் இது பழைய விவாதம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிராம் வந்தால் யார் அட்டவணை பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு கட்சி. பாரிஸ் மெட்ரோ இந்தப் பக்கம். முதல் வண்டி, கடைசி வண்டி, இடையில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். மெல்போர்ன், சூரிக் நகரங்களின் டிராம்களோ எவ்வளவு அடிக்கடி ஓடினாலும் ஒவ்வொரு வண்டிக்கும் நிறுத்தவாரியாக நேரம் போட்டுவிடும். நம் பக்கத்தில் சென்னையின் மின்சார டிராம் 1895-ல் தொடங்கி 1953-ல் நின்றுபோனது. கேரள எல்லைக் கிராமங்களுக்கு டிராம் வந்ததே இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையின் பஸ்கள்தான். ஒரே தடத்தில் குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒன்று என்று வரிசையாக விடுவதற்குக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் வைத்திருக்கும் பெயர் ‘செயின் சர்வீஸ்’. கேள்வி அந்தச் சங்கிலியைப் பற்றியது.

இந்தச் சாலைக்கு ஒரு வரலாற்றுப் பெருமை உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் போக்குவரத்துத் துறையை 1938 பிப்ரவரி 20-ல் தொடங்கியது. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் உதவி இயக்கக் கண்காணிப்பாளராக இருந்த ஈ.ஜி. சால்ட்டரை வரவழைத்து அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. இங்கிலாந்திலிருந்து காமர் சேசிகளை இறக்கி, பாடியை இங்கேயே கட்டினார்கள். அந்தத் துறை ஆரம்பத்தில் பஸ் விட்ட தடங்களில் முக்கியமானது திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி. நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் எல்லாம் அன்று ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சாலை ஒன்றாகவே இருக்க, அதன்மேல் ஓடும் பஸ்கள் இரண்டு அரசுகளுடையதாகிவிட்டன. இரண்டு கழகங்கள், இரண்டு அட்டவணைகள். இதன் விளைவைப் பிறகு கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில் காத்திருப்பின் கணிதம். ஒரு மணி நேரத்தில் 6 பஸ், சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். இனி அதே 6 பஸ் சமமான இடைவெளியில் வராமல் 4 நிமிடம், 16 நிமிடம், 4 நிமிடம், 16 நிமிடம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி அதே பத்துதான். ஆனால் நீங்கள் வந்து நிற்கும் கணம் நீளமான இடைவெளிக்குள் விழத்தான் வாய்ப்பு அதிகம். இருபது நிமிடத்தில் பதினாறு நிமிடம் அதுதானே பிடித்திருக்கிறது. ஐந்தில் நான்கு பேர் அதில் மாட்டிக்கொண்டு சராசரி 8 நிமிடம் நிற்பார்கள். ஒருவர் மட்டும் சின்ன இடைவெளியில் வந்து 2 நிமிடத்தில் ஏறிவிடுவார். மொத்தச் சராசரி 6.8 நிமிடம். இரண்டு இரண்டாகச் சேர்ந்தே வந்தால் இடைவெளி 20 நிமிடம், சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். ஒரு பஸ்ஸைக்கூடக் குறைக்கவில்லை, டீசல் செலவும் அப்படியே இருக்கிறது, ஆனால் பயணிக்குப் பாதிச் சேவை காணாமல் போய்விட்டது.

புள்ளியியலில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு. சராசரிக் காத்திருப்பு என்பது சராசரி இடைவெளியில் பாதி. அதோடு இடைவெளிகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதற்கு ஏற்ற ஒரு கூடுதல். பஸ்கள் முழுக்க முழுக்கத் தாறுமாறாக வந்தால் அந்தக் கூடுதலே இன்னொரு பாதியாகிவிடும். “பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்” என்று அறிவித்த இடத்தில் சராசரியாகப் பத்து நிமிடமே நிற்க வேண்டிவரும். “எனக்கு மட்டும் எப்போதும் நேரம் ஆகுதே” என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் அவருக்கு ராசி சரியில்லை என்று நினைக்க வேண்டாம். நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து சேர்கிறார்கள். அவர் அந்தப் பெரும்பான்மையில் ஒருவர்.

பஸ்கள் ஏன் சேர்ந்து சேர்ந்து வருகின்றன? டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு வருவதாகப் பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் தேவையில்லை. ஜி.எஃப். நியூவெல், ஆர்.பி. பாட்ஸ் என்ற இருவர் 1964-ல் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு நிறுத்தத்தில் நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட இடைவெளியில் வரும் பஸ்ஸுக்கு 20 பேர். ஏறி முடிக்க 60 விநாடி. ஏதோ காரணத்தால் ஒரு பஸ் 3 நிமிடம் பிந்திவிட்டது. இப்போது அதற்காக 26 பேர் நிற்கிறார்கள், 78 விநாடி பிடிக்கும். அதன் பின்னால் வரும் பஸ் தன் நேரத்துக்கு வருகிறது. முன்வண்டிக்கும் அதற்கும் 7 நிமிடம்தான் இடைவெளி, 14 பேர்தான் இருப்பார்கள், 42 விநாடியில் கிளம்பிவிடும். இந்த ஒரே நிறுத்தத்தில் இரண்டு வண்டிக்கும் இடையிலான இடைவெளி 36 விநாடி சுருங்கிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சுருங்கும். முன்வண்டி நிரம்பி வழியும். படியில் நிற்பவர்களை உள்ளே தள்ளி, கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் இன்னும் பிந்தும். பின்வண்டி காலியாக வந்து அதன் வாலைப் பிடிக்கும். யாரும் தவறு செய்யாமலே இது நடக்கும். பாறசாலைப் பையன் சொன்ன “ரெண்டு சேர்ந்து போச்சு” இதுதான்.

முதல் 3 நிமிடத் தாமதத்துக்கு இந்தச் சாலையில் பஞ்சமில்லை. பாலராமபுரம் சந்திப்பு ஒன்றே போதும். கரமனையிலிருந்து களியக்காவிளை வரை சாலையை அகலப்படுத்தும் வேலை பகுதி பகுதியாகத்தான் நடந்துவருகிறது. அகலமான சாலையில் வேகமாக வந்த வண்டிகள் எல்லாம் குறுகலான இடத்தில் வந்து அடைத்துக்கொள்கின்றன. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நான்குவழிப் புறவழிச்சாலை போட்டாயிற்று என்றாலும், ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றும் பஸ் பழைய சாலையில்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் அட்டவணை உதவுமா, கெடுக்குமா? எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதி இது.

பாலராமபுரத்தில் எல்லா வண்டிகளும் கால் மணி நேரம் பிந்திவிட்டன என்று வையுங்கள். நிமிட அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தாமதம், எல்லோரும் விரட்டிப் பிடிக்க வேண்டும். விரட்டினால் முந்தும், முந்தினால் சேரும். ஆனால் நெய்யாற்றின்கரையில் நிற்கும் பயணிக்கு, 5.20 வண்டி 5.35-க்கு வந்தால் என்ன, 5.30 வண்டி 5.45-க்கு வந்தால் என்ன? அவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தால் போதும். அவர் கவனிப்பது இடைவெளியைத்தான். ஆகவே அடிக்கடி ஓடும் சேவையில் நிர்வாகம் காக்க வேண்டியது நேரத்தை விடவும் இடைவெளியை. கார்லோஸ் டகான்சோ 2009-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியைத்தான் காட்டுகிறது: சில குறிப்பிட்ட நிறுத்தங்களில், முன்வண்டியோடு இடைவெளி குறைந்துபோன பஸ்ஸைச் சில விநாடிகள் பிடித்துவைத்து விடு, சங்கிலி தானாக நேராகும். லண்டன் போக்குவரத்து நிர்வாகமும் இரண்டையும் பிரித்தே அளக்கிறது. மணிக்கு 5 பஸ்ஸுக்குக் குறைவான தடத்தில், வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததா என்று பார்க்கும். 5 அல்லது அதற்கு மேல் ஓடும் தடத்தில் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு, ஒழுங்காக வந்திருந்தால் பயணி எவ்வளவு நின்றிருப்பார், நிஜத்தில் எவ்வளவு நின்றார் என்ற வித்தியாசத்தை அளக்கும்.

பயணிகளும் ஏறக்குறைய இந்த எல்லையிலேயே மாறுகிறார்கள். இடைவெளி பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் பெரும்பாலோர் நேரம் பார்க்காமல் வருகிறார்கள், அதற்கு மேல் போனால் பார்த்து வருகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. ஜாலிஃபும் ஹட்சின்சனும் 1975-ல் லண்டன் புறநகர் நிறுத்தங்களை வைத்துச் செய்த ஆய்வில் பயணிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: நேரம் தெரிந்து வருகிறவர், தோன்றியபோது வருகிறவர், பஸ் வருவதைக் கண்டு ஓடிவந்து ஏறுகிறவர். மூன்றாவது ரகத்தாருக்குக் காத்திருப்பே கிடையாது. சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டு கண்ணைச் சாலையில் வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் அந்த ரகம்தான்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டால், அடிக்கடி ஓடும் தடத்துக்கு அட்டவணை தேவையில்லை என்று கைகழுவிவிடலாம். ஆனால் சூரிக் ஆய்வு குறுக்கே நிற்கிறது. லூத்தி, வைட்மன், நாஷ் மூவரும் 2007-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், இடைவெளி 5 நிமிடமே இருக்கும் இடத்திலும் கணிசமான பயணிகள் அட்டவணையைப் பார்த்துத்தான் நிறுத்தத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. காரணம், அங்கே டிராம் சொன்ன நிமிடத்துக்கு வருகிறது. நம்பிக்கை இருந்தால் மக்கள் 5 நிமிடத்தைக்கூட மிச்சம்பிடிப்பார்கள். சென்னைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒன்று வரும் அந்தத் தடத்துக்கும் தெற்கு ரயில்வே ஒவ்வொரு வண்டிக்கும் எண் போட்டு நிலையவாரியாக நேரம் வெளியிடுகிறது. தினசரி அலுவலகம் போகிறவர்கள் அந்த நேரத்தை வைத்தே வண்டியைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். தனித் தண்டவாளத்தில் ஓடும் ரயிலுக்குச் சாலை நெரிசல் கிடையாது; அதனால் அது சாத்தியம்.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதோடு, இந்த நிறுத்தத்தில் அதன் நேரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும். இங்கேதான் எல்லைக் கிராமங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பஸ்ஸின் நேரப் பிசகு, புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் கூடக் கூடப் பெருகும். களியக்காவிளையில் புறப்பட்டு நகரத்துக்குப் போகும் பஸ் இஞ்சிவிளை, பாறசாலை வரும்போது சில கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். கெட்டுப்போக அதற்கு இன்னும் நேரமே கிடைக்கவில்லை. பாறசாலை டிப்போவிலிருந்து எடுக்கும் வண்டியும் அப்படியே. ஆகவே நகரத்தை நோக்கிய திசையில், காலையில், பாறசாலையில் ஒட்டும் நிமிட அட்டவணையை நம்பலாம். அதே பஸ் மாலையில் திருவனந்தபுரத்தின் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து திரும்பி இங்கே வரும்போது நேரம் எங்கேயோ போயிருக்கும். ஆனால் அப்போது பாறசாலையில் ஏறுகிறவர்களை விட இறங்குகிறவர்கள்தான் அதிகம், இறங்குகிறவருக்கு அட்டவணை எதற்கு? தடத்தின் நடுவில் இருக்கும் பாலராமபுரத்துக்கோ நேமத்துக்கோ நிமிடம் போடுவது வீண் துல்லியம். அங்கே “6 மணி முதல் 9 மணி வரை இத்தனை நிமிடத்துக்கு ஒன்று” என்று போடுவதே நேர்மை. நாகர்கோவிலில் புறப்பட்டு மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி வரும் தமிழக பஸ்ஸுக்குப் பாறசாலை ஏற்கெனவே பாதிவழி. ஒரே நிறுத்தத்தில் ஒரு கழகத்தின் நிமிடத்தை நம்பலாம், இன்னொன்றின் நிமிடத்தை அவ்வளவு நம்ப முடியாது. அட்டவணை எழுதுகிறவர் இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது.

இரண்டு கழகங்களின் கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, இரண்டும் தலைக்கு 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுவதாக வைப்போம். இரண்டும் பேசி, ஒன்றுக்கு நடுவில் மற்றது வரும்படி அமைத்தால் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் 10 நிமிடம். யாரும் யாரிடமும் பேசாமல், நேரம் எப்படியோ விழட்டும் என்று விட்டால் சராசரி 6 நிமிடம் 40 விநாடி வரும். ஒரு ரூபாய் செலவில்லாமல், இரண்டு அலுவலர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினாலே ஒவ்வொரு பயணிக்கும் 1 நிமிடம் 40 விநாடி சேமிப்பு. நெரிசல் நேரத்தில் இந்தச் சாலையில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கையோடு அதைப் பெருக்கிப் பாருங்கள். ஆனால் ஒரு கழகத்தின் நேரம் மற்றதற்கும் பொதுமக்களுக்கும் எழுத்தில் தெரிந்திருந்தால்தான் அந்தப் பேச்சே தொடங்கும். அட்டவணையை வெளியிடுவதன் முதல் பயன் பயணிக்குக் கிடைப்பதாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டு வண்டிகள் சேர்ந்து கிளம்புவது காகிதத்திலேயே தெரிந்துவிடும், யார் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டலாம். அதுவும் பெரிய பயன்தான்.

பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பினால் நிலைமை முழுக்க வேறு. பொழியூர், ஊரம்பு, காரோடு, தனுவச்சபுரம், வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் போகிற பஸ்களுக்குச் சங்கிலி கிடையாது. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போதோ. இரவு கடைசி டிரிப் அடித்து ஊரிலேயே படுத்து, விடியற்காலை முதல் டிரிப் எடுக்கும் ‘ஸ்டே பஸ்’ஸை நம்பித்தான் மீன் விற்கப் போகிறவர்களும் நகரத்தில் வீட்டுவேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தடங்களுக்கு நிமிட அட்டவணை வேண்டுமா என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

கிராமத்திலிருந்து நகரம் போகும்போதும், நகரத்திலிருந்து கிராமம் திரும்பும்போதும் வண்டி மாறுவது ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் வெள்ளறடை பஸ்ஸில் வந்து பாறசாலையில் இறங்குகிறவருக்குக் கவலையில்லை; சாலையில் அடுத்த பஸ் எப்படியும் சில நிமிடத்தில் வரும். மாலையில் தம்பானூரில் ஏறுகிறவருக்கோ கணக்கு தலைகீழ். பாறசாலையில் தன் ஊர் பஸ் எப்போது கிளம்பும் என்று தெரிந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த நேரத்துக்குள் தம்பானூரில் வண்டி ஏறியிருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். இதற்குப் பிரதான தடத்தின் ஒவ்வொரு வண்டியின் நிமிடமும் வேண்டாம். மூன்று எண்கள் போதும்: இடைவெளி, நெரிசலிலும் தாண்டாத அதிகபட்சப் பயண நேரம், கடைசி வண்டி. நம் ஊர்களில் இந்த மூன்றில் இரண்டாவதை எந்தப் பலகையிலும் பார்க்க முடியாது. சராசரிப் பயண நேரத்தை நம்பிக் கிளம்புகிறவர் அடிக்கடி ஊர் பஸ்ஸை விடுவார். பத்து நாளில் ஒன்பது நாளாவது இதற்குள் போய்விடலாம் என்ற எண்தான் அவருக்கு வேண்டும். ராத்திரி ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு இந்த ஒரு எண் தெரியாததற்குக் கட்டுகிற அபராதம்.

‘அடிக்கடி ஓடுகிறது’ என்பதும் நாள் முழுவதற்கும் பொருந்தாது. காலை எட்டு மணிக்குச் சங்கிலியாக ஓடும் அதே தடம் இரவு ஒன்பதரைக்கு மேல் அரிதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மெலியும். திருவனந்தபுரம் நகரத்துக்குள் 2021-ல் தொடங்கிய சிட்டி சர்க்குலர் பஸ்களைப் போன்ற புதுச் சேவைகளும் இடைவெளியைச் சொல்லித்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டன. பகலுக்கு அது நல்ல முறை. ஆனால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை அந்த இடைவெளி என்று சொல்லாத அறிவிப்பு பாதி அறிவிப்புதான். இடைவெளி 12 நிமிடத்தைத் தாண்டும் மணியிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் நிமிடம் போட்டாக வேண்டும். கடைசி மூன்று வண்டிகளுக்கு எந்தச் சாக்கும் சொல்லாமல் போட வேண்டும், அந்த நிமிடத்துக்கு ஒரு விநாடி முன்னால்கூட எடுக்கக் கூடாது. பிந்தி வரும் பஸ் எரிச்சல் தரும். முந்திப் போய்விடும் கடைசி பஸ் ஒரு பெண்ணை இருட்டில் சாலையில் நிறுத்திவிடும்.

இவ்வளவு விவரம் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். எல்லாம் இருக்கிறது. கேரள டிப்போவில் ஒவ்வொரு வண்டிக்கும் ‘ஷெட்யூல்’ உண்டு. எந்த நிமிடம் எந்த ஊரில் என்று எழுதாமல் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டியூட்டி போடவே முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் அது இருக்கும். தமிழக ஸ்டாண்டுகளில் டைம் கீப்பரின் நோட்டில் இருக்கும். கண்டக்டர் ஓடிப்போய் நேரம் பதிந்துவிட்டு வருவதைத் தினமும் பார்க்கிறோம். எழுதிவைத்த நேரம் கதவுக்கு உள்ளே இருக்கிறது, அது தேவைப்படுகிறவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, பயணிகள் பஸ் பெர்மிட்டோடு விதிக்கக்கூடிய நிபந்தனைகளைச் சொல்கிறது. அங்கீகரித்த கால அட்டவணையையும் கட்டணப் பட்டியலையும் வண்டியிலும் குறிப்பிட்ட ஸ்டாண்டுகளிலும் நிறுத்தங்களிலும் வைக்கச் செய்வது அவற்றில் ஒன்று. அட்டவணையிலிருந்து இவ்வளவுதான் விலகலாம் என்று வரம்பு கட்டுவது இன்னொன்று. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்.

செல்போனில் பஸ் எங்கே வருகிறது என்று காட்டினால் போதாதா, பலகை எதற்கு என்பார்கள் சிலர். உதவும்தான். வாட்கின்ஸும் அவருடைய சகாக்களும் சியாட்டில் நகரத்தில் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நேரலைத் தகவல் இல்லாதவர்கள் தாங்கள் நின்ற நேரத்தை நிஜத்தைவிட அதிகமாக உணர்ந்தார்கள். தகவல் உள்ளவர்களுக்கு அந்த மிகை இல்லை. தெரியாமல் நிற்பது தெரிந்து நிற்பதைவிட நீளம். ஆனால் அந்தச் செயலிகளுக்கும் அடியில் ஒரு அட்டவணை வேண்டும். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து போக்குவரத்து நிர்வாகமும் கூகுளும் சேர்ந்து உருவாக்கி, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் தரவு வடிவத்தில் நமது கேள்விக்கே பதில் இருக்கிறது: ஒவ்வொரு வண்டியின் நிமிடத்தையும் எழுதலாம், அல்லது இந்த மணியிலிருந்து இந்த மணி வரை இத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே கோப்புத் தொகுப்பில் அடங்கும். இரண்டு கழகங்களும் தங்கள் தரவை இந்த வடிவத்தில் திறந்து வைத்தால், களியக்காவிளை எல்லை எந்தச் செயலிக்கும் எல்லையாக இருக்காது. அப்போதும் பலகை வேண்டும். செல்போன் இல்லாத பெரியம்மாவுக்கு வேண்டும். அதுவும் தமிழ், மலையாளம் இரண்டிலும் வேண்டும். பாறசாலையில் இரண்டு மொழிக்காரரும் ஒரே நிழலில்தான் நிற்கிறார்கள்.

என் முடிவு இது. அடிக்கடி ஓடும் தடத்துக்கும் விரிவான அட்டவணையை வெளியிட வேண்டும். தரவாக முழுசாக, யாரும் எடுத்துப் பார்க்கும்படி. நிறுத்தத்துப் பலகையிலோ அந்த இடத்தில் எது நம்பகமோ அதை மட்டும் எழுத வேண்டும்: பகலில் இடைவெளி, அதிகாலைக்கும் இரவுக்கும் நிமிடம், தடம் தொடங்கும் ஊர்களில் நாள் முழுவதும் நிமிடம், கிளைச் சாலை பஸ்களுக்கு எப்போதும் நிமிடம். பகலில் கழகங்களை எடைபோடும்போது இடைவெளியைக் காப்பாற்றினார்களா என்று பார்க்க வேண்டும், இரவில் நிமிடத்தைக் காப்பாற்றினார்களா என்று.

எல்லைக் கிராமத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் பஸ்ஸின் ஷெட்யூலைக் கேட்டு வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நெய்யாற்றின்கரை, பாறசாலை டிப்போக்களுக்கு ஒன்று, நாகர்கோவிலுக்கு ஒன்று அனுப்புங்கள். பதில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று கோடு போட்டு, பஞ்சாயத்து உறுப்பினரிடம் கொடுங்கள். வாசகசாலை சுவரில் ஒரு நகலை ஒட்டுங்கள்.